செத்த நாய்க்கு ஒரு கோப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் விலங்குகளுக்காக ஏதாவது செய்யவேண்டும் என்று வருகிற இளையவர்கள் பெரும்பாலும் சோற்று வாளியோடுதான் வருகிறார்கள். தெருநாய்க்குச் சோறு வைப்பது, குட்டிகளுக்கு வீடு தேடுவது, கருத்தடைக்குப் பணம் திரட்டுவது எல்லாமே தேவையான வேலைகள். அவற்றுக்கு எப்படியும் ஆள் கிடைத்துவிடும். ஆள் கிடைக்காத வேலை ஒன்று இருக்கிறது: நாய்க்கு விஷம் வைத்தவன் மீதும், மேயப்போன பசுவின் காலைப் பாராங் கத்தியால் வெட்டியவன் மீதும் வழக்கு நிற்கிற மாதிரி காகிதம் சேர்ப்பது. பார்க்க வீரமாக இருக்காது, படம் எடுத்துப் போட்டால் லைக்கும் விழாது. இந்தப் பதிவு அந்த வேலையைப் பற்றியது.

"நம்ம நாட்டில் சட்டமே சரியில்லை" என்ற பழைய புலம்பலை முதலில் மறந்துவிடுங்கள். 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் இருந்த காலத்தில், பல பத்தாண்டுகளுக்குக் கொடுமைக்கு உச்ச அபராதமே 200 ரிங்கிட்தான். அந்தக் காலம் போய்விட்டது. 2015 விலங்குகள் நலச் சட்டம், அதாவது சட்டம் 772, 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் செக்‌ஷன் 29-இன் கீழ், கொடுமைக்கு அபராதம் 20,000 ரிங்கிட்டுக்குக் குறையக்கூடாது, 100,000 வரை போகலாம். சிறை மூன்றாண்டு வரை. இரண்டும் சேர்ந்தும் விழலாம். செக்‌ஷன் 24 வளர்ப்பவரின் கடமையைச் சொல்கிறது: ஏற்ற இடம், ஏற்ற தீனி, இயல்பாக நடந்துகொள்ள வசதி, நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காப்பு. தவறினால் 15,000 முதல் 75,000 ரிங்கிட் வரை, அல்லது இரண்டாண்டு வரை சிறை. எண்கள் கனமாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் பல புகார்கள் 'என்.எப்.ஏ' என்ற மூன்று எழுத்தில் முடிந்துபோகின்றன, மேல் நடவடிக்கை இல்லை என்று. காரணத்தைத் தேடினால் அநேகமாக இந்த மூன்றில் ஒன்று இருக்கும்: எதனால் செத்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை; யார் செய்தது என்று சொல்ல ஆளில்லை; புகார் கொடுத்தவர் போன் எடுப்பதில்லை. மூன்றும் முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் வாங்கிக்கொள்கிற வினைகள்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் முதல் குழப்பம். நாய், பூனை, ஆடு, மாடு, கோழி என்றால் கால்நடைச் சேவைத் துறை. சட்டம் 772-ஐ அமலாக்குவது அவர்கள்தான். மாவட்ட அலுவலகத்தில் நேரில் எழுதிக் கொடுக்கலாம், சிஸ்பா என்ற அரசாங்க இணையப் புகார் முறையிலும் போடலாம். இணையத்தில் போட்டால் புகார் எண் கையோடு கிடைக்கும், அதை விடாதீர்கள். குரங்கு, உடும்பு, மலைப்பாம்பு, காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி என்றால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை. அவர்கள் கையில் இருப்பது 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கொன்றது, விஷம் வைத்தது, ஊனமாக்கியது என்றால் இவற்றோடு போலிஸ் பாலாயும் (காவல் நிலையம்) உண்டு. குற்றவியல் சட்டம் செக்‌ஷன் 428 விலங்கைக் கொல்வது, விஷமிடுவது, முடமாக்குவதற்கு மூன்றாண்டு வரை சிறை சொல்கிறது. மாடு, எருமை, குதிரைக்கு செக்‌ஷன் 429. நாய் பிடிப்பவர்களைப் பற்றிய குறை என்றால் நகராண்மைக் கழகம். ஒரே சம்பவத்துக்குப் போலிஸ் புகாரும் கால்நடைத் துறைப் புகாரும் இரண்டும் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இரண்டிலும் மற்றதன் எண்ணைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் 'அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று இருவரும் இருந்துவிடுவார்கள்.

இனி, விடியற்காலை ஆறரை மணிக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு நாய் செத்துக் கிடக்கிறது என்று போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

தொடாதீர்கள். பக்கத்து வீட்டு அம்மா மனசு தாங்காமல் துணி போட்டு மூடப் பார்ப்பார், தாத்தா ஒருவர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். அவர்களைப் பக்குவமாக நிறுத்துவதுதான் அங்கே முதல் வேலை. குழி தோண்டிப் புதைத்துவிட்டால் வழக்கையும் சேர்த்துப் புதைத்த மாதிரி. அடுத்தது படம். நாலு பக்கமிருந்தும் தூரத்துப் படம்: வீடு, மரம், பாதை தெரிய வேண்டும். பிறகு பத்தடி தூரத்திலிருந்து. பிறகு நெருங்கி, காயத்தின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து. ஸ்கேல் இல்லாவிட்டால் ஐம்பது சென் காசு. வாய், ஈறு, கண், வயிறு, பாதம், கழுத்துப்பட்டை, வாந்தி, கழிச்சல், சுற்றிக் கிடக்கும் பிளாஸ்டிக் பை, மீதித் தீனி, டயர் தடம் எல்லாவற்றையும் எடுங்கள். ஒரே மூச்சில் நிறுத்தாமல் எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் வேண்டும். தேதி, நேரம், இடத்தை வாயால் சொல்லிக்கொண்டே எடுக்கலாம். ஐயோ பாவம், பாவி என்ற வார்த்தைகள் அதில் வேண்டாம். நாளைக்கு நீதிமன்றத்தில் அதைப் போட்டுக் காட்டுவார்கள்.

படத்தை வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரம் முதலிய உள்விவரமும் போய்விடும். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். அசல் கோப்பு எடுத்த போனிலேயே இருக்கட்டும். விசாரணை அதிகாரி போனையே சாட்சிப்பொருளாகக் கேட்கலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அதனால்தான் எங்களில் சிலர் இந்த வேலைக்கென்று ஒரு பழைய போனை ஒதுக்கி வைக்கிறோம். வங்கிச் செயலி உள்ள போனைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் தவிக்க யாருக்கும் விருப்பம் இருக்காது.

இடத்தைச் சொல்வதில் தோட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. செம்பனைக்காட்டு நடுவில் கூகுள் வரைபடத்தில் புள்ளி வைத்தால் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. போலிஸ் வண்டி வந்து சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும். தோட்டத்துக்காரர்கள் சொல்கிற மாதிரி சொல்லுங்கள்: பீல்டு நம்பர் பலகையில் என்ன எழுதியிருக்கிறது (பெரும்பாலும் நட்ட ஆண்டும் ஓர் எழுத்தும்), பழம் கொட்டும் ரேம்ப்பிலிருந்து எத்தனையாவது பாதை, பாதையிலிருந்து எத்தனையாவது மரம். அந்தப் பலகையையும் ஒரு படம் எடுங்கள். பெரிய தோட்டங்கள் இரண்டு காவல் வட்டாரங்களில் விழுவதுண்டு. எந்த பாலாய் எல்லை என்று மண்டோரிடமோ (கங்காணி) கிராணியிடமோ (எழுத்தர்) கேட்டு எழுதிவிட்டால், புகார் இங்கும் அங்கும் ஒரு வாரம் பந்தாடப்படாது.

உடலை எடுப்பது அதிகாரியின் வேலை. முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள், கூப்பிட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள். வர மாலையாகும், மழை கறுத்துக்கொண்டு வருகிறது என்றால், அவர்களிடம் சொல்லிவிட்டு நீங்களே பத்திரப்படுத்தலாம். கையுறை, முகக்கவசம் கட்டாயம்; சில விஷம் தோல் வழியாகவே ஏறும். இரண்டு கனமான பிளாஸ்டிக் பை, ஒன்றுக்குள் ஒன்று, காற்றை வெளியேற்றிக் கட்டி, ஐஸ்பெட்டியில் கடையில் வாங்கிய ஐஸ் பைகளுக்கு நடுவில் வையுங்கள். ஃபிரீசரில் வைக்காதீர்கள். உறைந்தால் தசைக்குள் ஐஸ் படிகம் கட்டி, திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது கெட்டுப்போகும். குளிர்ந்திருக்க வேண்டும், உறையக்கூடாது. நம்ம ஊர் வெயிலில் நேரம் போகப் போக உடல் பேசுவது குறைந்துகொண்டே வரும். வாந்தியும் மீதித் தீனியும் தனித்தனிச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள்: என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, எடுத்தது யார். கை மாறும் ஒவ்வொரு முறையும் கொடுத்தவரும் வாங்கியவரும் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்கும் ஒரு தாள் கூடவே போக வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால், 'நடுவில் யாரும் விஷத்தைக் கலக்கவில்லை என்று எப்படித் தெரியும்' என்ற ஒரே கேள்வியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேலையை முடித்துவிடுவார்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது: கால்நடைத் துறையின் ஆராய்ச்சிக் கழகம் ஈப்போவில்தான் உள்ளது. ஆனால் வண்டியைப் போட்டுக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். முதலில் மாவட்டக் கால்நடை அலுவலகத்தைக் கேளுங்கள். எந்தச் சோதனையை எங்கே அனுப்புவது என்று அவர்கள் சொல்வார்கள். வழக்காகப் போகப்போகிறது என்றால் போலிஸ் கடிதத்தோடு போவதே நல்லது. 'விஷச் சோதனை' என்று பொதுவாக எழுதினால் ஆய்வகத்துக்கு எதைத் தேடுவது என்று தெரியாது. கண்ட அறிகுறிகளையும் தோட்டத்தில் புழங்கும் மருந்துகளின் பெயர்களையும் எழுதிக் கொடுங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. எச்சில் வழிந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உடல் நடுங்கி, கழிச்சலோடு சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ செத்தால் பூச்சிமருந்து வகையைச் சந்தேகிக்கலாம். அப்படியானால் முந்தின இரவு யார் வந்தார்கள் என்று தேடுவது சரி. எலி மருந்து வேறு மாதிரி. தோட்டத்தில் செம்பனை மரத்தடியில் வைக்கிற மெழுகுக் கட்டி இரத்தம் உறையாமல் செய்கிற வகை. தின்ற மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, மூக்கிலும் மலத்திலும் இரத்தம் வரும். நேற்று இரவு கேமரா பதிவை மணிக்கணக்காகப் பார்த்து ஒரு பயனும் இல்லை. போன வாரம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இன்னொன்று, அந்தக் கட்டியைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்றும் பூனை சாகும். அது விபத்து, குற்றமாக நிற்காது. இறைச்சித் துண்டுக்குள் கட்டியைத் திணித்து வீட்டு வேலிக்குள் வீசியிருந்தால் அது வேறு. அதனால்தான் அந்த மீதி இறைச்சித் துண்டு நாயின் உடலைவிட மதிப்பானது. (உயிரோடு இருக்கிற நாய் என்றால் கிளினிக்கில் 'எலி மருந்தாக இருக்கலாம்' என்று முதலில் சொல்லுங்கள். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு, ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும்.) பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை. பழைய கேனை யாராவது ஸ்டோரில் வைத்திருந்தால் அதுவே தனிச் செய்தி. புகாரில் ஒரு வரி சேருங்கள்.

காயத்தோடு பிழைத்த விலங்குக்கு எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். வெளியே சின்ன ஓட்டை, 'கம்பி குத்தியது' என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். படத்தில் வெள்ளை மணியாக ஈயக்குண்டு உட்கார்ந்திருக்கும். காற்றுத் துப்பாக்கியும் 1960 சுடுகருவிச் சட்டத்துக்குள் வருகிறது. சும்மா ஒரு நாய் வழக்கு என்று இழுத்துக்கொண்டிருந்த விசாரணை அனுமதியில்லாத துப்பாக்கி என்றதும் வேகம் பிடிக்கும். டாக்டரின் அறிக்கையில் எடை, உடல்வெப்பம், ஒன்பது புள்ளி அளவில் உடல்நிலை (மெலிவா பருமனா என்ற மதிப்பெண்), காயத்தின் நீள அகலம் சென்டிமீட்டரில், காயம் எத்தனை நாள் பழசு என்ற கருத்து, கையெழுத்து, பதிவெண், கிளினிக் சாப் (முத்திரை) எல்லாம் இருக்க வேண்டும். 'நாய் மிகவும் மோசமான நிலையில் இருந்தது' என்ற ஒற்றை வரி அறிக்கையை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கேட்டால் எழுதித் தருவார்கள், கேட்பதில்லை அவ்வளவுதான்.

போலிஸ் புகாரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். "பக்கத்து வீட்டுக்காரர் என் நாயைக் கொன்றுவிட்டார்" என்பது பயனில்லாத வாக்கியம். கண்ணால் பார்த்தீர்களா என்ற ஒரு கேள்வியில் அது விழுந்துவிடும். மாதிரிக்கு இப்படி எழுதலாம்: "இரவு 9 மணிக்கு நாய் வீட்டு வாசலில் நலமாக இருந்தது. காலை 6.40-க்கு வேலிக்கு உள்ளே இரண்டு மீட்டர் தூரத்தில் செத்துக் கிடந்தது. வாயில் நுரை. பக்கத்தில் கோழிக்குடல் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் பை. எங்கள் வீட்டில் அன்று கோழி சமைக்கவில்லை. மூன்று நாளுக்கு முன் எண் 12 வீட்டுக்காரர் 'உன் நாயை ஒரு வழி பண்ணுகிறேன்' என்று என்னிடம் சொன்னார். என் மனைவியும் கேட்டார்." சொன்ன வார்த்தை எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அதே மொழியில் பதிவாக வேண்டும். பாலாயில் மலாயில் தட்டச்சு செய்வார்கள். கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 'மாத்தி' என்றால் செத்தது, 'டிபூனோ' என்றால் கொல்லப்பட்டது. அந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது.

சாட்சிதான் இங்கே கடினம். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் பெர்மிட் பயம் வேறு. 'உங்கள் பெயர் வெளியே வராது' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வழக்கு நடந்தால் வரும். ஆளைவிட வாய் பேசாத சாட்சிகளைத் தேடுங்கள். தோட்டத்து வாயிலில் ஜாகா (காவலாளி) வண்டி நம்பர் எழுதும் புத்தகம் இருக்கும். நீங்கள் கேட்டால் தரமாட்டார்கள், தரவும் தேவையில்லை. அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்று புகாரில் எழுதுங்கள், போலிஸ் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மளிகைக்கடை, ஒர்க்‌ஷாப் கேமராக்களும் அப்படியே. 2018 செப்டம்பரில் கோம்பாக்கில் கர்ப்பிணிப் பூனை ஒன்றை டோபிக் கடையின் துணி உலர்த்தியில் போட்டுக் கொன்ற வழக்கில் இருவர் சிறைக்குப் போனதற்கு அந்தக் கடையின் கேமரா பெரிய காரணம். கேமராப் பெட்டி சில நாளிலோ சில வாரத்திலோ பழையதன் மேல் எழுதிவிடும். அன்றே போய்க் கடைக்காரரிடம் அந்த நேரத்துப் பகுதியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேமராவின் கடிகாரம் சரியான நேரத்தைவிட எத்தனை நிமிடம் முன்பின் ஓடுகிறது என்றும் குறியுங்கள். கணினியில் உருவான பதிவை நீதிமன்றம் ஏற்க 1950 சாட்சியச் சட்டத்தின் செக்‌ஷன் 90ஏ வழி சொல்கிறது. அதற்கு அந்தக் கருவிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழ் தேவைப்படலாம் என்பதால் கடைக்காரரோடு முறைத்துக்கொள்ளாதீர்கள்.

கொலை இல்லாத வழக்குகள்தான் எண்ணிக்கையில் அதிகம்: கட்டிப்போட்டே வளர்க்கப்படும் நாய், தண்ணீரில்லாத கூண்டு, கழுத்துப்பட்டை சதைக்குள் புதைந்துபோன கன்று. இவற்றில் ஒரே ஒரு படம் எதையும் நிரூபிக்காது. 'இப்பத்தான் தண்ணி கொட்டிடுச்சு' என்று சொல்லிவிடலாம். வெவ்வேறு நேரங்களில், குறைந்தது மூன்று நாள், பொதுப்பாதையில் நின்று பார்த்து எழுதுங்கள்: தண்ணீர்ப் பாத்திரம், நிழல், சங்கிலி நீளம், மலம் எத்தனை நாளாக அள்ளப்படவில்லை, விலா எலும்பு தெரிகிறதா. ஆனால் புண் புழுத்திருந்தால் மூன்று நாள் காத்திருக்காதீர்கள், அன்றே புகார். எங்கள் கருத்தில், அறியாமையால் நடக்கும் இந்த மாதிரி விஷயங்களில் முதலில் வீட்டுக்காரரிடம் பேசுவதே முறை. அண்ணே, அக்கா என்று கூப்பிட்டு, ஒரு நீளச் சங்கிலியும் வாளியும் கையில் கொண்டுபோனால் பாதி அங்கேயே முடிந்துவிடும். பேசிய தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி அதே நிலை என்றால் 'தெரியாது' என்று அவர் சொல்ல முடியாது.

செய்யக்கூடாதவை சில. வேலி தாண்டி நாயை அவிழ்த்துக்கொண்டு வராதீர்கள். அத்துமீறல், திருட்டு என்று வழக்கு உங்கள் மேல் திரும்பும்; பறிமுதல் செய்யும் அதிகாரம் அதிகாரிகளுக்குத்தான், நமக்கில்லை. தோட்டத்துக்குள் போக மேனேஜருக்குப் பெயர், அடையாள அட்டை எண், மோட்டார் நம்பர், நேரம் எல்லாம் எழுதிக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மருந்தடிக்கும் நாளில் உள்ளே போகவே வேண்டாம். நகராண்மைக் கழக ஆட்கள் நாய் பிடிக்கும்போது குறுக்கே நிற்பது செக்‌ஷன் 186, அரசு ஊழியரைத் தடுத்த குற்றம். தள்ளி நின்று படம் எடுங்கள், வண்டி எண்ணைக் குறியுங்கள், நாய் உரிமக் கட்டண ரசீதோடு அன்றே கழகத்தின் காப்பகத்துக்குப் போங்கள். கண்ணியில் மாட்டிய விலங்கைக் காட்டி, கம்பியை வெட்டித் தூக்கியெறிந்துவிட்டு, 'காப்பாற்றிவிட்டோம்' என்று வீடியோ போடுகிறவர்கள் வைத்தவனையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள். கம்பிதான் சாட்சிப்பொருள். பேஸ்புக் சமாசாரமும் அதேதான்: சந்தேக நபரின் முகமும் வீட்டு நம்பரும் புகாருக்கு முந்தி ஊர் சுற்றினால், கேமரா அழியும், சாட்சி வாயை மூடும், அவதூறு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். நாய் கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராகக் கிளினிக்.

புகார் கொடுத்துவிட்டு மறந்துபோவதுதான் கடைசிப் பொத்தல். புகாரில் இருக்கும் விசாரணை அதிகாரியின் பெயரை எழுதிக்கொண்டு, இரண்டு வாரத்தில் ஒருமுறை மரியாதையாகக் கூப்பிடுங்கள். கைது ஆணை இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றம் என்றால், நான்கு வாரம் கழித்து, குற்றவியல் நடைமுறைச் சட்டம் செக்‌ஷன் 107ஏ-இன் கீழ் 'விசாரணை எந்த நிலையில் இருக்கிறது' என்று எழுத்தில் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தரவேண்டும். பதில் வராவிட்டால் அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞருக்கு எழுதலாம். குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுப்பதும் அவர்கள் தரப்புதான், நாமோ கால்நடைத் துறையோ அல்ல. ஆகவே எல்லாக் கடிதமும் அந்த மேசையில் உட்காருபவர் ஐந்து நிமிடத்தில் படித்து முடிக்கிற மாதிரி இருக்கட்டும்: முதல் தாளில் தேதிவாரியாக ஒரு பட்டியல், அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் எண்ணிட்டு.

கோப்பை இரண்டு பிரதி எடுத்து, இரண்டாவதை வேறொருவர் வீட்டில் வையுங்கள், தோட்டத்துப் பழைய பலகை வீட்டில் கரையான் எந்தப் பெட்டியில் ஏறும் என்று சொல்ல முடியாது. கிளினிக் ரசீது வழவழப்பான தெர்மல் தாளில் அடித்ததாக இருந்தால் வாங்கிய அன்றே போட்டோகாப்பி எடுங்கள். வழக்கு வருவதற்குள் அது வெறும் வெள்ளைத் தாளாகியிருக்கும்.